ஒறம்பரைத் தண்ணி

வாங்க அம்மணி, வாங்க. செருப்பு அங்கியே கெடக்கட்டும், நாய் தூக்காது. உள்ள வாங்க. அந்தச் சேர்ல வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும், எனக்கு மட்டுந்தான் அது பழக்கம். இதுல உக்காருங்க, ஃபேன் காத்து நேரா வரும். மொதல்ல இந்தத் தண்ணியைக் குடிங்க, அப்பறம் பேசிக்கலாம். எங்க பக்கத்துல வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம பேச்செடுத்தா, சண்டைக்கு நிக்கறோமுன்னு அர்த்தமுங்க.

யோசிக்காதீங்க, அது கேன் தண்ணிதான். என்னுங்க, பைக்குள்ள சொந்தமா பாட்டில் வெச்சிருக்கீங்களா? இருக்கட்டும், இருக்கட்டும். ஊர் ஊராச் சுத்தி வேலை பாக்கறவங்க வெச்சுக்கத்தான் வேணும். ஆனா எங்கூட்டுல உக்காந்துக்கிட்டு உங்க தண்ணியைக் குடிச்சீங்கன்னா எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. இந்தக் கண்ணாடி டம்ளரை ஸ்டூல் மேல வெக்கறேன். தாகம் எடுக்கறப்ப எடுத்துக்குங்க.

போர்த்தண்ணி சாம்பிள் எடுக்க உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மணி வருதுன்னு பஞ்சாயத்துல காலையிலயே சொல்லிட்டாங்க. கோயிலுக்குப் பின்னாடி இருக்குதே, அந்த ஒரே போருதான் ஊருக்கே. இப்பப் போனா ஒரு சொட்டு வராது. வூட்டுக் கரண்டு இருக்குது, ஃபேன் ஓடுது. மோட்டாருக்கு வேணுங்கற த்ரீபேஸ் கரண்டு பன்னண்டு மணிக்குத்தான் வரும். அதுவரைக்கும் வெயில்ல நின்னு என்ன பண்ணப்போறீங்க? உக்காருங்க, பேசிக்கிட்டிருக்கலாம்.

எம்பேரு சென்னியப்பன். முன்னாள் வார்டு மெம்பரு. அதாவது மெம்பரு எங்கூட்டுக்காரிங்க, மயிலாத்தா. பொம்பளைங்க வார்டுன்னு ஒதுக்கிப்போட்டாங்க. அதனால பேரு அவளுது, மெம்பரு நானு. அஞ்சு வருசத்துல ஒரு கூட்டம் நான் தவறவுட்டதில்லை. அவளுக்கு ஒரு செரமம் குடுத்ததில்லை. கையெழுத்துக்கூட நானே அவளாட்டம் போட்டுருவேன். இப்ப பேங்க்குல அவ போட்டா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நான் போடறதுதான் சரியா இருக்குதாமா.

அதுசரி, மனு வந்துச்சுன்னுதானே நீங்க வந்திருக்கீங்க? யாரு போட்டதுங்க? அந்த ஃபைல்ல பேரு இருக்குமே. சொல்லக்கூடாதா? சரி, வேண்டாம். உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஊருக்கு ஒருத்தன் இருப்பானுங்க, மானத்தை வாங்கறதுக்குன்னே பொறந்தவன். யாருன்னு நானே கண்டுபுடிச்சுக்கறேன்.

அம்மணிக்கு எந்தூரு? தர்மபுரிப் பக்கமா! அப்படிச் சொல்லுங்க. உங்க பக்கமும் தண்ணி சரியில்லை, சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் பல்லு கறை புடிச்சிருக்கும்னு கேள்விப்பட்டிருக்கறேன். உங்க பல்லு நல்லாத்தான் இருக்குது, சிரிங்க. பாத்தீங்களா, நானாக் கேக்கற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கலை. அதுதானுங்க மருவாதி. எங்கூரும் அப்படித்தான். தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

இங்க தண்ணி மஞ்சளா வர ஆரம்பிச்சுப் பதினாறு வருசம் இருக்கும். மேக்கால ஆத்தோரத்துல சாயப்பட்டறைங்க வந்த பொறவுதான். மொதல்ல வாசம் வந்துச்சு. அப்பறம் குண்டாவுல வெள்ளையாப் படிஞ்சுது. அப்பறம் நெறம். சோறு வடிச்சு வெச்சா பொழுதோட மஞ்சளாயிரும். எலுமிச்சஞ்சோறு கிண்டற வேலை மிச்சமுன்னு நான் தமாசு பண்ணுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. மயிலாத்தா மட்டும் சிரிக்க மாட்டா. அவளுக்குத் தமாசெல்லாம் அவ்வளவாப் புரியாதுங்க.

மஞ்சளோ பச்சையோ, அது எங்க கஷ்டம், நாங்க பாத்துக்குவோம். ஆனா வெளியாளுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க, அங்கதான் வந்துச்சு வெனை. பொண்ணு வூட்டுக்காரங்க மாப்பிள்ளை வூடு பாக்க வருவாங்க. வந்ததும் சொம்புல தண்ணி குடுப்போம். ஒரு மொடக்குக் குடிச்சதும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. அப்பறம் காப்பி வேண்டாம்பாங்க. அவசர வேலை இருக்குதும்பாங்க. ஒரே வருசத்துல நாலு சம்பந்தம் முறிஞ்சுதுங்க. நாலும் நல்ல எடம். முப்பத்தஞ்சு வயசாகியும் பசங்க பூ வெக்க ஆளில்லாம வண்டியை வண்டியைத் தொடச்சுக்கிட்டுத் திரிஞ்சானுங்க.

ஊர்க்கூட்டம் போட்டோம். ஆளாளுக்குப் பேசுனாங்க. சாயப்பட்டறை மேல கேஸ் போடலாமுன்னு ஒருத்தன், மறியல் பண்ணலாமுன்னு ஒருத்தன். நான் எந்திரிச்சேன். ‘இதெல்லாம் ஆகற காரியமா? பத்து வருசம் கோர்ட்டுக்கு நடந்தா பசங்களுக்கு நாப்பத்தஞ்சு ஆயிரும். வூட்டுக்கு ஒரு கேன் வாங்கி வெய்யுங்க. சொந்தமோ விருந்தோ, ஒறம்பரைன்னு யாரு வந்தாலும் அதுல குடுங்க. வூட்டாளுங்க அதைத் தொடக்கூடாது. வெளியூர்ல யாரு கேட்டாலும் எங்கூர்த் தண்ணி தேனாட்டம் இருக்கும்னு சொல்லோணும்.’ அவ்வளவுதான், சட்டம் பாஸாயிருச்சு. அந்த வருசமே ஆறு கல்யாணமுங்க. அந்த ஆறு வூட்டுக்காரங்களும் இன்னைக்கும் என்னைப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க.

அதோ பாருங்க, மூலையில நிக்குதே, அதுதான் எங்கூட்டு ஒறம்பரைக் கேன். மேல போட்டிருக்கற சட்டையைப் பாத்தீங்களா? கல்யாணத்துக்கு எடுத்த பட்டு ரவிக்கையைக் கிழிச்சு மயிலாத்தா தெச்சது. மயில் மயிலா இருக்குது பாருங்க. எனக்குக்கூட அப்படி ஒரு சட்டை அவ தெச்சுக் குடுத்ததில்லை. தெச்சு மாட்டிட்டு, ‘முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க’ன்னா. சொன்னாச் சொல்லிட்டுப் போறா. பூசணிக்காய் வெளிய தெரியாம இருந்தாச் சரி.

நாங்களா? நாங்க என்னுங்க, வூட்டாளுங்கதானே. போர்த்தண்ணியைக் காய்ச்சி, பழைய வேட்டியில வடிகட்டிக் குடிச்சுக்குவோம். வேட்டிதான் வாரத்துக்கு ஒண்ணு போகும். பழகிப்போச்சு. எனக்கு நல்ல தண்ணி குடிச்சாத்தான் இப்பச் சப்புன்னு இருக்குது.

சட்டமுன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் இருக்கோணும், இல்லீங்களா? எம்பையன் பூபதிக்குக் கல்யாணமாச்சு. மருமவ தாராபுரத்துப் பக்கம், ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த புள்ளை. பொண்ணு பாக்கறப்ப கேன் தண்ணி. விருந்துக்கு வந்தப்ப கேன் தண்ணி. கல்யாணமாயி மூணாம் நாளு, டம்ளரை எடுத்துக்கிட்டுக் கேன்கிட்டப் போனா. நான்தான் சொன்னேன், ‘அம்மணி, நீ இப்ப இந்தூட்டுப் பொண்ணு, ஒறம்பரை இல்லை’ன்னு. பாசமாத்தானுங்க சொன்னேன். அவ அடுக்களைக்குப் போயி வூட்டுத் தண்ணியை ஒரு வாய் குடிச்சா. திரும்பி வந்து பூபதியைப் பாத்தா. ஒரு மாசத்துல கோயமுத்தூர்ல வாடகைக்கு வூடு புடிச்சிட்டாங்க. இப்ப பொங்கலுக்கு வர்றாங்க. வந்தா ஒறம்பரையாச்சே, கேன் தண்ணிதான் குடுக்கறோம்.

சாம்பிள் கதைக்கு வர்றேன், இருங்க. அவசரப்படாதீங்க, மணி இன்னும் பதினொண்ணே முக்கால் ஆகலை.

மயிலாத்தா மெம்பரா இருந்தப்ப, அதாவது நான் மெம்பரா இருந்தப்ப, ஆத்துத் தண்ணியைக் குழாயில கொண்டாந்து குடுக்கற திட்டம் இந்தப் பக்கம் வந்துச்சு. எந்தெந்த ஊர்ல நெலத்தடித் தண்ணி கெட்டுப்போச்சோ அந்த ஊருக்கெல்லாம் மொதல்ல குழாயின்னு சொல்லிட்டாங்க. எங்களுக்குத்தான் மொதக் குழாயின்னு நெனைச்சோம். மயிலாத்தா எட்டாவது படிச்சவ. ஒரு நாளு உக்காந்து அவளே மனு எழுதினா. நாப்பது பொம்பளைங்ககிட்டப் போயிக் கையெழுத்து வாங்கினா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நானும் பெரிய மனசு பண்ணி வுட்டுட்டேன். அப்பவே அவளுக்குக் கால்ல வீக்கம் இருந்துச்சு. ‘எனக்கு இந்தக் குழாய் வேணும், வேற எதுவும் வேண்டாம்’னு சொல்லிக்கிட்டே இருப்பா. நகை கேட்டதில்லை, சீலை கேட்டதில்லை. குழாய் கேட்டாளுங்க.

மனு போயி, சாம்பிள் எடுக்க ஒரு சாரு வந்தாரு. மூணு வருசமாச்சு, இதே மாதிரி சித்திரை வெயிலு. நாப்பது கிலோமீட்டரு மோட்டார் சைக்கிள்ல வந்திருக்காரு பாவம், மூஞ்சியெல்லாம் கருகிப்போச்சு. வுடுவனுங்களா நானு? நாட்டுக்கோழி அடிச்சோம். சாப்புட்டாரு, கையலம்பினாரு, நீங்க உக்காந்திருக்கற அதே சேர்ல சாஞ்சாரு. கண்ணு சொருகுது. ‘நீங்களே போருல இருந்து புடிச்சு வெச்சுருங்க, கவுண்டரே’ன்னு பாட்டிலை நீட்டிட்டுத் தூங்கிப்போயிட்டாரு. நல்ல மனுசன். நம்மளை நம்பி வேலையைக் குடுத்துட்டாரு.

பாட்டிலைப் பாத்தேன். அடேங்கப்பா! கண்ணாடியாட்டம் பளபளன்னு இருக்குது. மூடியில சீலு. மேல ஒரு சீட்டு ஒட்டி, அதுல ஊர் பேரு, ஒன்றியம், தேதி எல்லாம் அழகா எழுதியிருக்குது. சர்க்கார் சாமான் அத்தனை சுத்தமா நான் பாத்ததே இல்லை. எடுத்துக்கிட்டுப் போருக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கிட்டிருக்குது. தண்ணி மஞ்சளா, ஓரத்துல நொரை கட்டி, சும்மா சோப்புக் கரைச்ச மாதிரி வருது.

எனக்குக் கை போகலைங்க. நெசமாச் சொல்றேன், கை போகலை. இந்தப் பாட்டிலு மாவட்டத்து ஆபீஸ்க்குப் போகும். அங்க நாலு பெரிய ஆபீசருங்க உக்காந்து இதைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாங்க. மேல கொட்டை எழுத்துல பொன்னாரிவலசுன்னு இருக்குது. ‘ஏப்பா, இந்த ஊர்க்காரனுங்க சர்க்காருக்கே இப்படித் தண்ணி குடுத்திருக்கானுங்க’ன்னு சிரிக்க மாட்டாங்களா? அந்த ஆபீசருங்கள்ல ஒருத்தருக்குப் பொண்ணு இருந்தா, இந்தப் பக்கம் குடுப்பாரா? வந்தவருக்குக் கோழி அடிச்சுப்போட்டு, அவரு பாட்டிலுக்கு இந்தத் தண்ணியை ஊத்தறதா?

பாட்டிலைப் பொத்திக்கிட்டு வூட்டுக்கு வந்துட்டேன். நல்லா ரெண்டு தடவை கழுவினேன், கேன் தண்ணியிலயே. அப்பறம் கேனைச் சாச்சு, கழுத்து வரைக்கும் ஊத்தினேன். ஒரு சொட்டுக் கொறைக்கலை. பாட்டில்ல தண்ணி இருக்குதா இல்லையான்னே தெரியலைங்க, அத்தனை சுத்தம். அவரு எந்திரிச்சதும் ரெண்டு கையாலயும் குடுத்தேன். ‘சாம்பிள் எடுத்த எடம்: கோயில் போர்’னு எழுதினாரு. சாட்சிக் கையெழுத்து மயிலாத்தாள். நான்தான் போட்டேன்.

ஒரு மாசங்கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு. என்ன வந்திருக்கும்ங்கறீங்க? ‘குடிப்பதற்கு உகந்த நீர்’!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பொன்னாரிவலசுத் தண்ணியை ஒரு வாய் வெச்சவன் அப்படி எழுதுவானா? மாடு மொகந்து பாத்துட்டுத் திரும்பிக்கற தண்ணிங்க அது! வாங்கிட்டாங்க அம்மணி, வாங்கிட்டாங்க. சாயப்பட்டறை மொதலாளிங்ககிட்டக் கவரு வாங்கிட்டாங்க. கோழியை நம்மகிட்டத் தின்னுட்டுக் கவரை அவனுங்ககிட்ட வாங்கிட்டாங்க. இந்த நாட்டுல ஏழை பாழைக்கு நாயம் ஏதுங்க?

மயிலாத்தா அந்தக் காயிதத்தை வாங்கிப் படிச்சா. ‘நீங்க ஊத்தினது கேன் தண்ணி, கேன் தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதியிருக்காங்க’ன்னா. பாத்தீங்களா, பொம்பளை புத்தி எங்க போகுதுன்னு. நான் சொன்னேன், ‘அடியே, அங்க லட்சக்கணக்குல மிசின் வாங்கி வெச்சிருக்காங்க. பாட்டில் மேல ஊர் பேரும் எழுதியிருக்குது. எந்தூர்த் தண்ணின்னு மிசினுக்குத் தெரியாதா?’ அவ காயிதத்தை மடிச்சு வெச்சுட்டு அடுக்களைக்குப் போயிட்டா. பேசறதுக்கு என்ன இருக்குது?

நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? வேர்க்குதா? ஃபேனை இன்னும் ஒண்ணு கூட்டி வெக்கட்டுமா?

இந்தக் கூத்தைக் கேளுங்க. பக்கத்து ஊரு வெள்ளியம்புதூரு. மானங்கெட்ட ஊருங்க. எங்க தண்ணிக்கு அவங்க தண்ணி எத்தனையோ பரவால்லை. ஆனா சாம்பிள் எடுக்கப் போனப்ப அவனுங்க என்ன பண்ணியிருக்கானுங்க தெரியுமா? ஊரே போருகிட்டக் கூடி, இதைப் பாருங்க சார், இந்த நாத்தத்தைப் பாருங்க சார்னு, அந்தத் தண்ணியை அவரு மூஞ்சிக்கு நேராக் கொண்டு போயிருக்கானுங்க. ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா? இப்ப அவனுங்களுக்கு வூட்டுக்கு வூடு குழாய். அந்தக் குழாய் எங்கூர் மெயின் ரோட்டு வழியாத்தான் போகுது. காதை வெச்சாச் சத்தம் கேக்கும். மயிலாத்தா ஒரு தடவை அங்க நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. எனக்குப் பாக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சு, கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

நான் சும்மா இருக்கலீங்க. திங்கக்கெழமை மனு நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்க்கு ஒரு வேன் பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். வேன்ல பாத்தா ஆளுக்கு ஒரு பாட்டில்ல போர்த்தண்ணியைப் புடிச்சு மடியில வெச்சிருக்காங்க. மயிலாத்தா வேலை. ‘கலெக்டரு முன்னால போயி இந்தக் கருமத்தை வெப்பீங்களா? கோயிலுக்குப் போறப்ப சாணியை எடுத்துக்கிட்டுப் போவீங்களா?’ன்னு கேட்டு, பஸ் ஸ்டாண்டு சாக்கடையில எல்லாத்தையும் ஊத்த வெச்சேன். பாட்டிலையும் வீச வெச்சேன். கலெக்டரு நல்ல மனுசன். பொறுமையாக் கேட்டாரு. ‘தண்ணி கொண்டாந்திருக்கீங்களா, பாக்கலாம்’னாரு. ‘உங்க மேசையில வெக்கற மாதிரி இல்லீங்கய்யா’ன்னேன். ஃபைலைப் புரட்டினாரு. ‘ரிப்போர்ட் நல்லாத்தானே வந்திருக்குது’ன்னாரு. அதுக்கு மேல நாம என்ன பேச முடியும்? கும்புட்டுட்டு வந்துட்டோம். ஆனா மருவாதியா நடத்தினாரு, அதைச் சொல்லோணும்.

பொறவு மயிலாத்தாளுக்கு வீக்கம் மொகத்துக்கு ஏறிருச்சு. படி ஏறினா மூச்சு வாங்குச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. இப்ப செவ்வா, வெள்ளி, வாரத்துக்கு ரெண்டு தடவை மிசின்ல படுக்கோணும். நாலு மணி நேரம். ஒன்றரை வருசமாப் போயிட்டு வர்றோம். அங்க போனா ஒரே ஒறம்பரைக் கூட்டந்தான். ஆத்தோரத்து ஊர்க்காரங்க பூராவும் அங்கதான் படுத்திருக்காங்க. கல்யாணம் காச்சியில பாக்காதவங்களைக்கூட அங்க பாத்துரலாம்.

மொத நாளு, அந்தச் சின்ன டாக்டரு கேட்டாரு, ‘அம்மா எந்தத் தண்ணி குடிக்கறாங்க?’ன்னு.

சுத்தி ஆளுங்க நிக்கறாங்க அம்மணி. வெள்ளியம்புதூர்க்காரன் ஒருத்தன் அக்கட்டக் கட்டில்ல படுத்துக்கிட்டு இங்கியே பாக்கறான். ‘கேன் தண்ணிதானுங்க’ன்னேன். ‘எத்தனை வருசமா?’ன்னாரு. ‘பதினாலு வருசமா’ன்னேன். ‘அப்ப தண்ணியால இருக்காது’ன்னு எழுதிக்கிட்டாரு. மயிலாத்தா என்னைப் பாத்தா. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல, ஜன்னலைப் பாத்துக்கிட்டுக் கேட்டா: ‘பதினாலு வருசத்துல எனக்கு ஒரு டம்ளர் ஊத்திக் குடுத்திருக்கீங்களா?’

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. பஸ்ஸுல உக்காந்து ஆம்பளை அழ முடியுமா? துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டேன், வேர்க்கற மாதிரி. நாப்பத்திரெண்டு வருசமா எங்கூட இருக்கறவ. அவ இல்லைன்னா எனக்கு ஒரு வாய் சோறு எறங்காது. அவளை ஒறம்பரைன்னு நான் எப்படி நெனைப்பேன்? வூட்டாளுன்னுதானே நெனைச்சேன்.

அன்னைக்கே சட்டத்தை மாத்திட்டேன். இப்ப அவளுக்குக் கேன் தண்ணிதான். நானே புடிச்சுக் கையில குடுக்கறேன். ஆனா கெரகத்தைப் பாருங்க, ஒரு நாளைக்கு மூணு டம்ளருக்கு மேல குடிக்கக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு. மாத்திரைக்கு ரெண்டு டம்ளர் காலையிலயே போயிரும். மூணாவதை வெச்சுக்கிட்டுப் பொழுதுக்கும் ஒவ்வொரு மொடக்காக் குடிப்பா. நல்ல தண்ணி கேன் நெறைய நிக்குது, குடிக்கத்தான் முடியலை.

கேக்குதுங்களா? மோட்டார் சத்தம். கரண்டு வந்துருச்சு.

நீங்க எந்திரிக்காதீங்க, வெயிலு மண்டையைப் பொளக்குது. பாட்டிலைக் குடுங்க இப்படி. அடடே, இதுவும் எத்தனை சுத்தமா இருக்குது! நான் புடிச்சிட்டு வர்றேன். அஞ்சே நிமிசம். கோழி வேண்டாமுன்னுட்டீங்க, ஒரு காப்பியாச்சும் சாப்புடுங்க, அதுக்குள்ள நான் வந்துர்றேன். ஏ மயிலாத்தா, அம்மணிக்குக் காப்பி...

நீ எதுக்கு செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கறே? எங்க கெளம்பிட்டே? நேத்துதான் மிசின்ல படுத்துட்டு வந்திருக்கறே, இந்த வெயில்ல நடப்பியா? பாட்டிலைக் குடுங்கறியா? அம்மணி, இவகிட்டக் குடுக்காதீங்க, இவளுக்கு இதெல்லாம்...

சரி. நீங்களே எந்திரிச்சுட்டீங்க. போயிட்டு வாங்க ரெண்டு பேரும். நான் இங்கியே இருக்கறேன். இருங்கறா, இருக்கறேன். கொடையாச்சும் எடுத்துட்டுப் போ மயிலாத்தா.

*

வந்துட்டீங்களா? உக்காருங்க, உக்காருங்க. மயிலாத்தா, நீ மொதல்ல உக்காரு. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு.

பாட்டிலை ஸ்டூல் மேலயே வெய்யுங்க, டம்ளருக்குப் பக்கத்துல.

இதென்னுங்க இது?

நம்ம போருதானா? நெசமாவா? இத்தனை மஞ்சளாவா இருக்குது? பித்தளைக் குடத்துலயும் சில்வர் சொம்புலயும் பாத்துப் பாத்து எனக்கு இத்தனை தெரியலீங்களே. பக்கத்துல டம்ளர்ல இருக்கறது இப்படி இருக்குது, இது இப்படி இருக்குது. அன்னைக்கு நான் ஊத்திக் குடுத்தது இதோ, இந்த டம்ளர்ல இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. கண்ணாடியாட்டம்.

அப்ப அந்தச் சாரு... கவரு வாங்கலீங்களா?

இல்லைங்க, வாங்கியிருப்பாரு. வாங்காம இருப்பாருங்களா? எப்படியும் வாங்கியிருப்பாரு.

கையெழுத்தா? குடுங்க, நான் போடறேன். இவ பேருதானே, எனக்குப் பழக்கந்தான். என்னுங்க? மனு குடுத்தவங்களே போடோணுமா? அப்ப மனு குடுத்தவனைக் கூப்புடுங்க, நானும் பாக்கறேன் அந்தப் பெரிய மனுசன் மொகத்தை. எதுக்கு அவகிட்டப் பேனாவைக் குடுக்கறீங்க?

மயிலாத்தா. நீயா?

எப்ப எழுதினே? ஆஸ்பத்திரியிலயா? மிசின்ல படுத்துக்கிட்டேவா? நான் வெளியில பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேனே. அக்கட்டக் கட்டிலு வெள்ளியம்புதூர்க்காரன்தான் காயிதம் குடுத்தானா? அவன்கிட்டப் போயிக் காயிதம் வாங்கினியா?

போடு, போடு. நான் ஒண்ணும் சொல்லலை. பாருங்க அம்மணி, கை எப்படி நடுங்குதுன்னு. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கை. எழுத்து ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ வருது. என்னுதாட்டம் இல்லை. ஆனா இதுதானே அவளுது. பேங்க்குல இதை ஒத்துக்கவே மாட்டாங்க. நீங்க ஒத்துக்குவீங்கதானே?

சீட்டு ஒட்டறீங்களா? ஒட்டுங்க. ஊர் பேரை மட்டும் கொஞ்சம் சின்னதா எழுதுங்க அம்மணி. இன்னும் பதினோரு பசங்க கல்யாணத்துக்கு நிக்கறானுங்க. வேண்டாமா? சரி. அவ பெருசா எழுதச் சொல்றா. அவ சொல்றபடியே எழுதிக்குங்க.

கெளம்பிட்டீங்களா? எடுத்து வெச்ச டம்ளர் அப்படியே இருக்குதே. வந்தவங்க ஒரு வாய் நனைக்காமப் போனா வூட்டுக்கு ஆகாதுங்க. என்னுங்க? அம்மாவுக்குக் குடுக்கட்டுமா?

ஆமா. நீங்க சொல்றதும் சரிதான். வெயில்ல நடந்து வந்திருக்கா. இந்தா மயிலாத்தா, குடி. சுத்தமான தண்ணி, பக்கத்துல வெச்சுப் பாத்தோமே. புடி. ஏன் தலையாட்டறே?

கேட்டீங்களா அம்மணி? போறப்பவே தாகமா இருக்குதுன்னு மூணாவது டம்ளரைக் குடிச்சுட்டாளாமா. இன்னைக்கு அவளுக்கு அவ்வளவுதான்.

நீங்களாச்சும் குடிச்சிட்டுப் போங்க, கண்ணு.